நாற்காலி கண்ட கலைஞர்

நாள்தோறும் நாம் கையாளும் பொருள்களுள் நாற்காலியைப் போல் நம் கருத்தில் படாத பொருள் வேறொன்று இல்லை எனலாம். வகுப்பறையில் அதன்மீது அமர்ந்து பாடம் கேட்கிறோம். நூல் நிலையத்தில் அதன்மீது அமர்ந்து படிக்கிறோம். எழுந்து செல்லும்போது அதனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. முதுகு வலிக்கும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. இந்த எளிய பொருளுக்கே தம் வாழ்நாளை ஈந்த ஒருவரைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களிடம் கூற விரும்புகிறேன். அவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் வெக்னர். 500-க்கும் மேற்பட்ட நாற்காலிகளை அவர் வடிவமைத்தார். ‘ஒரு நாற்காலிக்கு எத்தனை வடிவந்தான் வேண்டும்?’ என்று நீங்கள் வினவலாம். அவ்வினாவுக்கு அவர் வாழ்க்கையே விடை.

வெக்னர் 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் டோன்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது அவ்வூர் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1920-இல் மக்கள் வாக்கெடுப்பின் பயனாக டென்மார்க்குடன் மீண்டும் இணைந்தது. தந்தையார் காலணி தைப்பவர். கருவியும் கையும் ஒன்றையொன்று அறிந்து பழகும் தொழில் வீட்டிலேயே நடந்தது. பதினான்காம் வயதில் வெக்னர் ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பின்னர்க் கோபன்ஹேகன் நகரின் கைவினைப் பள்ளியில் பயின்றார். ஆர்ஹூஸ் நகர மன்றக் கட்டடத்தை ஆர்னே யாக்கப்சன், எரிக் மொல்லர் ஆகிய இருவர் அமைத்தபோது, அதற்கு வேண்டிய மேசை நாற்காலிகளை வரையும் பணி இந்த இளைஞரிடம் வந்தது. 1943-இல் அவர் தமக்கென ஒரு பணிமனை தொடங்கினார்.

அந்நாளைய டென்மார்க்கின் நிலையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் புதுமை நாடியோர் எஃகுக் குழாயை வளைத்து இருக்கைகள் செய்துகொண்டிருந்தனர். பழமையை அடியோடு விலக்குவதே புதுமை என்று அவருள் பலர் கருதினர். டென்மார்க்கில் கோரே கிளிண்ட் என்னும் பேராசிரியர் வேறு வழி காட்டினார். மனித உடலை அளந்து பாருங்கள். முன்னோர் செய்த நல்ல நாற்காலிகளையும் அளந்து பாருங்கள். வேண்டாதவற்றைக் களைந்து வேண்டுவனவற்றைக் கொள்ளுங்கள் என்பது அவர் கற்பித்த நெறி. கோபன்ஹேகன் தச்சர் சங்கமோ 1927 முதல் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தி, வரைவோரையும் தச்சரையும் ஒன்றுகூட்டியது. இந்த மண்ணில் வளர்ந்த பயிரே வெக்னர்.

சீன நாட்டுப் பழைய நாற்காலிகளில் டென்மார்க் வணிகர்கள் வீற்றிருக்கும் ஓவியங்கள் சில அவர் கண்ணில் பட்டன. அவற்றால் கவரப்பட்டு, 1944 முதல் அவர் ஒரு வரிசை நாற்காலிகளை வரைந்தார். ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஓர் உறுப்புக் குறைந்தது. எஞ்சியது தெளிவு பெற்றது. அவ்வரிசையின் முடிவில் 1949-இல் வரைந்ததே ‘ஒய்’ நாற்காலி. முதுகுப் பக்கத்துத் தாங்குபலகை ‘ஒய்’ என்னும் ஆங்கில எழுத்தைப் போல் பிரிந்து நிற்பதால் அப்பெயர் பெற்றது. அதன் இருக்கையைப் பின்னுவதற்கு ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிறு வேண்டும். மர உறுப்புகளை இயந்திரம் அறுத்துத் தரும்; பின்னுவது கைதான். 1950 முதல் அது இடைவிடாமல் செய்யப்பட்டு வருகிறது.

அதே 1949-இல் வெக்னர் வரைந்த மற்றொன்று ‘வட்ட நாற்காலி’. முதுகு சாய்வதற்கும் கை வைப்பதற்கும் வளைந்து செல்லும் ஒரே மரம்போல் அது தோன்றும். உண்மையில் அது மூன்று துண்டுகள் இணைந்தது. இணைப்பு அவருக்கு நிறைவு தரவில்லை. ஆகவே, முதலில் அதனைப் பிரம்பு சுற்றி மறைத்தார். பின்னர், வாளின் பற்கள் ஒன்றோடொன்று கோத்ததுபோல் ஒரு புதிய இணைப்பைக் கண்டார். அதன்பின் பிரம்புக்கு வேலை இல்லை. மறைக்க வேண்டியிருந்த இடமே அந்நாற்காலியின் அணியாயிற்று. அணிசெய்வதற்காக எதையும் ஒட்டாமல், செய்நேர்த்தியையே அணியாக்கும் இந்த நெறியே வெக்னர் கலையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

1960-ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் சொற்போர் நிகழ்த்தியபோது, அவர்களுக்கு இடப்பட்டவை இந்த நாற்காலிகளே. உலகம் அதனை அறிந்துகொண்டது.

இங்கே ஓர் ஐயம் எழும். தேர்ந்த தச்சரின் கையுழைப்பு இத்தனை வேண்டும் பொருளை எளிய குடும்பத்தார் எங்ஙனம் வாங்குவர்? நியாயமான ஐயமே. டென்மார்க்கின் கூட்டுறவு அமைப்பு, மலிவும் நலமும் ஒருங்கே உடைய மரப்பொருள்களைச் செய்விக்க முற்பட்டது. வெக்னரின் நண்பர் போர்கே மோகன்சன் அப்பணிக்குத் தலைமை ஏற்றார். அதற்காக வெக்னரும் 1944-இல் ஓர் ஆடும் நாற்காலி வரைந்து தந்தார். எனினும், அவருடைய சிறந்த படைப்புகள் பல இன்றும் விலை மிக்கவையே. கைத்தொழிலின் மேன்மைக்கும் எல்லோர்க்கும் எட்டும் எளிமைக்கும் இடையேயுள்ள இடைவெளி அவர் காலத்திலும் முழுதும் அடையவில்லை; நம் காலத்திலும் அடையவில்லை. அதனை அடைக்கும் கடமை இனி வரும் கலைஞர்க்கு உரியது.

‘நாற்காலி’ என்னும் நம் சொல்லையே ஐயுறச் செய்யும் படைப்பு ஒன்றும் அவருக்கு உண்டு. 1963-இல் சிறகு விரித்தாற்போன்ற இருக்கையை மூன்றே கால்களின்மேல் நிறுத்தினார். சமமில்லாத தரையில் நாலுகால் ஆடும், முக்காலி ஆடாது. அக்காலத்து மக்கள் அதனைப் பெரிதும் ஏற்கவில்லை, சிலவே செய்யப்பட்டன. 1990-களின் இறுதியில் அது மீண்டும் செய்யப்பட்டபோது ஆர்வத்துடன் வாங்கினர். அதனைக் காணும் வரை வெக்னர் வாழ்ந்திருந்தார். 2007-ஆம் ஆண்டு ஜனவரியில், தம் 92-ஆம் வயதில் மறைந்தார். டோன்டர் ஊரின் பழைய நீர்க்கோபுரம் அவர் நாற்காலிகளின் காட்சியகமாக விளங்குகிறது.

ஒரே பொருளை 500 முறை எண்ணிய மனிதர் ஒவ்வொரு முறையும் முந்தியதில் ஒரு குறை கண்டார். அதனை நீக்க முயன்றார். கணக்கைத் திரும்பப் போடும் மாணவனும், கட்டுரையைத் திருத்தி எழுதும் மாணவியும் செய்வது இதுவே. அடுத்த முறை ஒரு நாற்காலியில் அமருமுன், அதன் கால் எங்கே சட்டத்துடன் சேர்கிறது என்று குனிந்து பாருங்கள். அதைச் செய்த கை உண்மையாக உழைத்ததா என்பதை அந்த இடம் உங்களுக்குச் சொல்லும்.