வரிசை நீள்கிறதா? கணக்கைப் பாருங்கள்!

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வறண்ட மானாவாரிச் சீமை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கி, மடையைத் திறந்து அளவாகப் பாய்ச்சுவது இங்கே தொன்றுதொட்ட வழக்கம். நீர் எத்தனை வேகமாக வந்தாலும் மடை தன் அளவுக்குத்தான் விடும். கண்மாய் நிரம்பிவிட்டால் மிச்ச நீர் கலுங்கு வழியே வெளியேறும். வரத்து, இருப்பு, மடை, கலுங்கு ஆகிய இந்த நான்கையும் அறிந்த மாணவருக்குக் கணிப்பொறி வலையமைப்பில் உள்ள ஒரு நுட்பம் எளிதில் விளங்கும்.

பொட்டலங்களின் வரிசை

ஒரு பள்ளியில் முப்பது கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை இணையத்தோடு சேர்க்கும் இணைப்பு ஒன்றே ஒன்று. அதில் செய்தி முழுசாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே போகிறது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாது. அதாவது 12,000 பிட்.

இணைப்பின் வாசலில் ஃபயர்வால் என்னும் தீச்சுவர் காவல் நிற்கிறது. கட்டடத்தில் தீ பரவாமல் தடுக்கும் சுவரைப் போல, வேண்டாத பொட்டலங்களை இது தடுக்கிறது. பல தீச்சுவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாடக் காட்சிக்கு ஒரு வரிசை, பெரிய கோப்புகளை இறக்குவதற்கு வேறொரு வரிசை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு வேகம் ஒதுக்குவதே அது. பங்குக்கு மேல் வரும் பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும். வரிசை நிரம்பிவிட்டால் அடுத்து வருவது கைவிடப்படும். வரிசைதான் கண்மாய்; ஒதுக்கிய வேகம் மடை; கைவிடப்படுவது கலுங்கில் வழியும் நீர்.

ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கக் கூடாது. கண்மாய் நிறைந்திருந்தால் ஊருக்கு மகிழ்ச்சி. வரிசை எப்போதும் நிறைந்திருந்தால் அது நோய். ஏன்? கண்மாய் நீர் கோடைக்கு உதவும். வரிசையில் கிடக்கும் பொட்டலமோ, நேரம் தவறினால் பயனற்றதாகிவிடும்.

எண்கள் சொல்வது என்ன?

2001-இல் ஓபன்பிஎஸ்டி இயங்கு முறையுடன் வெளிவந்த 'பி.எஃப்.' என்னும் தீச்சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னர் வரிசை வசதியும் அதனுடன் சேர்ந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் அது மூன்று செய்திகளைக் காட்டும்: அனுப்பிய பொட்டலங்கள், கைவிட்ட பொட்டலங்கள், இப்போது காத்திருப்பவை. ஒரு வரிசையில் 50 பொட்டலம் வரை நிற்கலாம் என்பது அதில் வழக்கமாக வைத்திருந்த எல்லை.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாடக் காட்சி வரிசையில் கைவிட்டவை முதலில் 5,000. ஒரு நிமிடம் கழித்தும் 5,000. இறக்கும் வரிசையில் கைவிட்டவை முதலில் 1,200, பிறகு 1,260. எந்த வரிசையில் நெருக்கடி?

5,000 என்றதும் பலர் பாடக் காட்சியைத்தான் கைகாட்டுவார்கள். அது தவறு! இந்த எண்கள் கணக்கைத் தொடங்கிய நாள்முதல் கூடிக்கொண்டே வருபவை. மின்கட்டண மீட்டரைப் போன்றவை. மீட்டரில் நிற்கும் எண்ணுக்கா பணம் கட்டுகிறோம்? இரண்டு அளவுகளின் வித்தியாசத்துக்குத்தானே! அந்த 5,000 என்றோ நடந்த நெருக்கடி. இந்த நிமிடத்தில் அங்கே இழப்பு பூஜ்யம்.

இறக்கும் வரிசையில் அதே நிமிடத்தில் அனுப்பியவை 6,000, கைவிட்டவை 60. நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று. எப்போது பார்த்தாலும் சுமார் 40 பொட்டலங்கள் காத்திருக்கின்றன. ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? 1961-இல் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் நிறுவிய விதி இதற்கு உதவும்: வரிசையில் இருப்பவர் எண்ணிக்கை, வரும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். வெளியேறும் வேகம் விநாடிக்கு 100 பொட்டலம். நாற்பதை நூறால் வகுத்தால் 0.4 விநாடி.

கோப்பு இறக்குபவருக்கு இது பொருட்டல்ல. ஆனால் பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனையை 0.15 விநாடிக்குள் எட்டினால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆசிரியரின் குரலும் இந்த வரிசையிலேயே நின்றிருந்தால்? கேள்வி ஒரு நேரம், பதில் ஒரு நேரம் என்று பாடம் தடுமாறியிருக்கும். தனி வரிசையின் பயன் இதுவே.

கைவிடுவதும் ஒரு செய்தி

அப்படியானால் கைவிட்ட அந்த 60 பொட்டலங்கள் குற்றமா? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். அந்த இணைப்பில் விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. பதில் வராத பொட்டலங்களைக் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி, நெரிசலை மேலும் பெருக்கின.

வான் ஜேக்கப்சன் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து 1988-இல் தீர்வை வெளியிட்டார். பொட்டலம் தொலைந்தால் 'வழியில் நெரிசல்' என்று பொருள். அனுப்புபவர் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றும் இணையம் இந்த அடிப்படையில்தான் சீராக ஓடுகிறது. ஆகவே கோப்பு வரிசையில் ஓரளவு இழப்பு இருப்பது, 'மெதுவாக அனுப்பு' என்று சொல்லும் குரல். தொலைந்தது திரும்ப வரும். கோப்பில் குறை நேராது. நேரடிப் பேச்சிலோ தொலைந்த ஒலியை மீண்டும் அனுப்பிப் பயனில்லை. அங்கே நிமிடத்துக்கு நிமிடம் இழப்பு கூடினால்தான் பங்கை மாற்றியமைக்க வேண்டும்.

எல்லா வரிசைகளும் நாள் முழுதும் நிறைந்தே இருந்தால்? அப்போது இணைப்பே போதவில்லை என்று அறியலாம். மடையை எப்படித் திருப்பினாலும் கண்மாய்க்கு வராத நீரைப் பாய்ச்ச முடியாது அல்லவா? ஆனால் இருப்பது போதும்போது, யாரோ ஒருவர் படம் இறக்குவதால் உதவித்தொகை விண்ணப்பம் அனுப்பும் மாணவி கடைமடை வயலைப் போலக் காயக் கூடாது. முறை வைத்துப் பங்கிடுவதும், பங்கு சரியாகப் போகிறதா என்று எண்களைப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

ரேஷன் கடை வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை பேர் பொருள் வாங்கிப் போகிறார்கள் என்றும் குறியுங்கள். 12 பேர் நின்று, பத்து நிமிடத்தில் 20 பேர் போனால், நிமிடத்துக்கு 2 பேர். கடைசியில் நிற்பவர் சுமார் 6 நிமிடம் காத்திருப்பார். கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கும் கடிகாரமும் ஒத்துவரவில்லையென்றால், இடையில் யாராவது நுழைந்தார்களா, தராசு சற்று நேரம் நின்றதா என்று தேடுங்கள். வலையமைப்பைக் கண்காணிக்கும் பொறியாளரும் இப்படித்தான் தேடுகிறார்.