முதல் வேலையில் சேரப்போறீங்களா? `முடிச்சிடுறேன் சார்'னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

டிப்ளோமா முடித்து, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்த இரண்டாவது மாதம். இலவச கண் சிகிச்சை முகாம் பற்றி ஒரு சின்ன பெட்டிச் செய்தி அடித்துக் கொடுத்தேன். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு நோட்டைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். சனிக்கிழமை நடக்கும் முகாமை வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தேன். பக்கம் அச்சுக்குப் போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எழுந்துபோய்ச் சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். `சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள தப்பா?'னு கேட்பாங்களே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பெட்டிச் செய்தியை யாரு படிக்கப்போறாங்கனு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு ஒரு போன். எடுத்தது நான்தான். "ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேம்மா. இங்க கேட்டு பூட்டிக் கிடக்கு" என்றார் ஒரு பெரியவர்.

அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, சீஃபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "தேதி தப்பா போறது எல்லாருக்கும் நடக்கும்மா. தெரிஞ்சும் சொல்லாம வீட்டுக்குப் போனே பாரு, அதைத்தான் ஏத்துக்க முடியலை" என்றார்.

கல்லூரியில் அசைன்மென்ட்டை லேட்டாகக் கொடுத்தால் நம் மார்க் மட்டும்தான் போகும். அலுவலகத்தில் அப்படியில்லை. நாம் முடிக்கும் இடத்தில்தான் இன்னொருவர் வேலையைத் தொடங்குவார். நாம் தாமதித்தால் அவரும் தாமதமாவார். நாம் மறைத்தால் பழி அவர் தலையில் விழும். புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் பழகவேண்டிய எல்லாமே இந்த வித்தியாசத்திலிருந்துதான் தொடங்குகிறது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்க

தப்பு நடந்துவிட்டதா? என்ன நடந்தது, எது பாதிக்கும், இப்போது என்ன செய்கிறீர்கள்... இந்த மூன்றும் இருந்தால் போதும். "சார், நேத்து அனுப்பின ஷீட்ல மார்ச் கணக்கு ரெண்டு தடவை சேர்ந்திருக்கு. மொத்தத் தொகை தப்பா வரும். 12 மணிக்குள்ள திருத்தி அனுப்பிடுறேன், பழைய ஷீட்டை யூஸ் பண்ண வேண்டாம்." அவ்வளவுதான். பத்து முறை ஸாரி சொல்வதைவிட இந்த நாலு வரி உதவும். வேலை தாமதமாகும் என்றாலும் இதேதான். காலையிலேயே தெரிந்ததை மாலை ஐந்து மணிக்குச் சொல்லாதீர்கள்.

வெறும் `ஓகே சார்' போதாது

வேலை சொல்லும்போது ஒரு நோட்டு கையில் இருக்கட்டும். கேட்டு முடித்ததும், "இந்த மூணு ரிப்போர்ட்டும் வியாழக்கிழமைக்குள்ள உங்களுக்கே மெயில் பண்ணிடணும், சரிதானே மேடம்?" என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். புரியாததற்கெல்லாம் தலையாட்டினால் இரண்டு நாள் வீணாகும். சந்தேகம் கேட்பதில் தவறில்லை. முதலில் அரை மணி நேரம் நீங்களே முயன்றுவிட்டு, `இதுவரை இதைச் செஞ்சு பார்த்தேன்' என்று சொல்லிக் கேட்டால், சொல்லித்தருபவருக்கும் எரிச்சல் வராது.

மெயில், வாட்ஸ்அப், ஸ்டேட்டஸ்

`ஹாய் சார்' என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், விஷயத்தையும் சேர்த்து ஒரே மெசேஜாக அனுப்புங்கள். மெயிலில் சப்ஜெக்ட்டைக் காலியாக விடாதீர்கள். எல்லோருக்கும் பதில் போகும் பட்டனை அழுத்துமுன் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆபீஸ் ஸ்கிரீன் தெரியும் செல்ஃபியை ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். வாடிக்கையாளர் விவரங்களை ஏ.ஐ செயலியில் ஒட்டி வேலை வாங்கலாமா என்பதை, ஒட்டும் முன்பே டீம் லீடரிடம் கேட்டுவிடுங்கள்.

பொங்கல் லீவு

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது லீவு கேட்பது நம் ஊர்ப் பழக்கம். ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. அப்போதே லீவையும் கேட்டுவிட்டால், உங்கள் வேலையை யார் பார்ப்பது என்று திட்டமிட நேரம் கிடைக்கும். `பாட்டிக்கு உடம்பு சரியில்லை' என்ற கதையும் தேவைப்படாது.

பணிவு வேறு, பயம் வேறு

ஒழுங்காக நடந்துகொள்வது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது இல்லை. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டுங்கள், நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். பாண்ட் பேப்பர் கொடுத்தால் அங்கேயே கையெழுத்து போடாமல், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க ஒருநாள் கேளுங்கள். பே ஸ்லிப்பில் பி.எஃப் பிடித்தம் இருந்தால், அந்தப் பணம் உங்கள் யு.ஏ.என் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்த 12 இலக்க எண், கம்பெனி மாறினாலும் மாறாது.

பெண்கள் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள் புகார் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். பயிற்சியில் இருப்பவர்களும் புகார் செய்யலாம். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்துபூர்வமாகக் கொடுக்க வேண்டும். `நான் டிரெய்னிதானே' என்று சும்மா இருக்க வேண்டாம்.

கிளம்பும்போதும் கெத்தா கிளம்புங்க

வேறு வேலை கிடைத்ததும் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டுக் காணாமல்போகாதீர்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று ஆஃபர் லெட்டரில் பாருங்கள். பாதியில் இருக்கும் வேலைகளை எழுதி ஒப்படைத்துவிட்டு, ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த கம்பெனியில் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்று சீஃப் சொன்னபடி, அந்தப் பெரியவருக்கு நானே போன் செய்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, முகாம் நாளைக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, நாளைக்கு வர்றேன். இனிமே தேதியைப் பார்த்துப் போடு" என்றார். இன்றைக்கும் செய்தியில் ஒரு தேதி வந்தால், வாய்விட்டு இரண்டு முறை படித்த பிறகுதான் அனுப்புகிறேன்.