ஐந்தரை மணி அலாரம்

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தினமும் காலை 5.30-க்கு அலாரம் வைத்து எழுந்துவிடுவான். "நான் எழுப்பவே வேண்டியதில்லை" என்று அக்கா போனில் பெருமையாகச் சொல்வாள். போன கோடை விடுமுறையில் அவர்கள் வீட்டில் தங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. எழுந்தவன் முகம்கூடக் கழுவவில்லை. போனை எடுத்தான், கேமைத் திறந்தான், அன்றைய பரிசுப் பெட்டியை வாங்கிக்கொண்டான், இரண்டே நிமிடத்தில் மறுபடி படுத்துவிட்டான்.

அது என்ன 5.30 கணக்கு? அந்த கேமில் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில்தான் அடுத்த நாள் பிறக்கிறது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. வாசலில் அம்மா கோலம் போடும் நேரம், பையனுக்குப் பரிசு வாங்கும் நேரமாகிவிட்டது.

"ஒரு நாள் விட்டா போச்சு மாமா. மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்" என்றான். பரிசுப் பெட்டி போக தினசரி வேலைகள் உண்டு, வார வேலைகள் உண்டு, சீசன் முடிவதற்குள் முடித்தாக வேண்டியவையும் உண்டு. எது எந்தத் தேதியோடு முடிகிறது என்பதைப் பார்க்காமலே ஒப்பிக்கிறான். பள்ளி டைரியில் வீட்டுப்பாடம் எழுத வேண்டிய பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அரையாண்டுத் தேர்வின்போது தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் நண்பனிடம் ஒப்படைத்தானாம், தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதென்று. இவனைப் பொறுப்பில்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணும் கருத்துமாக ஒரு கால அட்டவணையைக் கடைப்பிடிக்கிறான். அதை வேறு யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என்னை உறுத்துவது அதுதான்.

எங்கள் காலத்திலும் விளையாட்டுப் பைத்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஏற்பாடெல்லாம் எங்களுடையது. மண்ணில் கோடு கிழித்து, கோட்டுக்கு ஒரு எண் எழுதி, எண்களின் மேல் மட்டையை வைத்து மறைப்போம். ஆளுக்கு ஒரு கோட்டைத் தொட்டால் பேட்டிங் வரிசை தயார். ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருவன் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடுவான். காம்பவுண்டுச் சுவரில் செங்கல் துண்டால் ஸ்கோர் எழுதுவோம். மட்டைக்காரன் டியூஷனுக்குக் கிளம்பினால் ஆட்டம் முடிந்தது.

டிவியில் கேசட் போட்டு ஆடிய காலத்திலும் அப்படித்தான். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் மொத்தம் 32 கட்டங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. கரண்ட் போனால் முதல் கட்டத்திலிருந்துதான். அதனால் எந்தக் குழாய்க்குள் இறங்கினால் எங்கே போய் ஏறலாம் என்று படம் வரைந்து வைத்திருப்போம். கான்ட்ராவில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று வரிசையாக அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். அந்த வரிசை எங்கள் பள்ளியில் எத்தனையோ ரஃப் நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பிறகு பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டி வந்தது. பான்சர் என்று தட்டினால் டாங்கி வந்து நிற்கும், லீவ் மீ அலோன் என்று தட்டினால் போலீஸ் விலகிவிடும். மணிக்கணக்கில் காசு என்பதால் எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று வீட்டிலேயே துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போவோம். ஒழுங்காகத் திட்டம் போட நான் கற்றுக்கொண்டது அந்தச் சீட்டுகளில்தான் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

இன்னொன்றும் இருந்தது. சுவிட்சை அணைத்ததும் அந்த கேம்கள் எங்களை மறந்துவிடும். பத்து நாள் தொடாவிட்டாலும் எதுவும் குறையாது. இன்றைய போன் கேமுக்கு நம்மை விட மனமில்லை. வராத நாளைக் கணக்கு வைத்து, இழந்ததைக் காட்டி, திரும்பி வரச் சொல்கிறது.

பெரியவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் இரவு பதினொன்றரைக்கு மொட்டைமாடியில் வேகவேகமாக நடப்பார். கைக்கடிகாரம் பத்தாயிரம் காட்டும்வரை கீழே இறங்க மாட்டார். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானில் நடையை எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருளுக்கு வைத்த பெயர், இன்று சென்னையில் ஒருவரைத் தூங்கவிடாமல் நடக்க வைக்கிறது.

"எதுக்காகவோ தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கிறான், அந்தப் பழக்கம் பின்னால உதவும்" என்கிறார் அத்தான். இருக்கலாம். ஆனால் அலாரத்தை வேறொருவர் வைத்தால், அவர் நிறுத்தும் நாளில் பழக்கமும் நின்றுவிடுமே என்பது என் பயம். தன் நாளைத் தானே பிரித்து வைத்துக்கொள்ளத் தெரியாமல் ஒரு தலைமுறை கல்லூரிக்குப் போகப் போகிறது. அங்கே பரிசுப் பெட்டி கொடுத்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இதே பையன் ஆறாம் வகுப்புவரை செஸ் வகுப்புக்குப் போனவன். செஸ் போட்டியில் தன் நகர்த்தலையும் எதிராளியின் நகர்த்தலையும் ஆடுபவரே கையால் எழுதியாக வேண்டும். நோட்டேஷன் என்பார்கள். எழுதிவிட்டு ஆடக் கூடாது, ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும். ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது, டிரா கொடுங்கள் என்று கேட்பதற்கும் அந்தத் தாள்தான் சாட்சி. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போனில் ஆடினால் இதெல்லாம் தானாகவே பதிவாகிவிடும். அவன் போனுக்கு மாறினான், பிறகு செஸ்ஸையும் விட்டுவிட்டான்.

பரணில் அவனுடைய பழைய நோட்டேஷன் புத்தகம் இருந்தது. தூசி தட்டி எடுத்தேன். ஓர் ஆட்டத்தில் 23-ஆம் நகர்த்தலுக்குப் பக்கத்தில் பென்சிலால் பெரிய கேள்விக்குறி. தோற்ற இடத்தை அவனே கண்டுபிடித்துப் போட்டது. அன்று இரவு பலகையை விரித்து, அந்த நிலை வரும்வரை இருவரும் காய்களை நகர்த்தினோம். கேள்விக்குறி வந்ததும் குதிரையின் மேல் விரலை வைத்தான், எடுத்தான். பிறகு ஒன்றும் பேசாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா சாப்பிடக் கூப்பிட்டும் அசையவில்லை.

காலையில் 5.30-க்கு அலாரம் அடித்தது. எழுந்து போனை எடுத்தான்.