கல் தூசும் தோல் இறுக்கமும்: கிருஷ்ணகிரி கிரானைட் தொழிலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

உள்ளுறுப்புகளின் நோயைத் தோல் முன்னதாகவே வெளிக்காட்டுவது உண்டு. ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் வெட்டுதலுக்கும் மெருகேற்றுதலுக்கும் பெயர்பெற்றது. இத்தொழிலில் எழும் சிலிக்காத் தூசு, நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும் என்பது பரவலாக அறியப்பட்டதே. அத்தூசு அரிதாகத் தோலையும் இறுகச்செய்யும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வு வரலாறு

எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல், தாம் கண்ட தோல் இறுக்க நோயாளர் ஒன்பதின்மருள் ஐவர் கல்தச்சர் என 1914இல் பதிவுசெய்தார். 1957இல் எராஸ்மஸ் என்பார் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் இந்நோயை விவரித்தார். சிலிக்காத் தூசுக்கு ஆட்பட்டோரிடம் தோன்றும் இந்நிலை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

நோய் தோன்றும் முறை

மூச்சுடன் புகும் நுண்துகள்களை நுரையீரலின் விழுங்கணுக்கள் உட்கொள்கின்றன. ஆயின் சிதைக்க இயலாமல் தாமே அழிகின்றன. இதனால் நீடிக்கும் அழற்சி, தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகத் தூண்டுகிறது எனக் கருதப்படுகிறது. கொலாஜன் மிகுந்து படிய, தோலும் நுரையீரல், உணவுக்குழல் முதலிய உறுப்புகளும் இறுகுகின்றன.

அறிகுறிகளும் மயக்கமும்

குளிரில் விரல்கள் வெளுத்து, நீலித்து, பின் சிவப்பதே பெரும்பாலும் முதல் அறிகுறி. 2013ஆம் ஆண்டின் பன்னாட்டு வகைப்பாட்டு நெறியின்படி, இரு கைகளிலும் தோல் தடிப்பு விரலடி மூட்டுகளைக் கடந்திருப்பின், வேறு காரணம் இல்லாதவிடத்து, அதுவொன்றே போதிய சான்றாகும். எனினும் துளையிடும் கருவியின் அதிர்வாலும் விரல்கள் வெளுக்கும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் தொழிலாளரிடம் ஆலிஸ் ஹாமில்டன் இதனை 1918இல் விளக்கினார். குளிர்ந்த காலைகளையுடைய ஓசூர்ப் பகுதியில் இரண்டையும் ஒன்றெனக் கொள்ள வாய்ப்புண்டு. நகக்கண் நுண்குழல் ஆய்வும் எதிர்ப்பொருள் சோதனையும் இவற்றை வேறுபடுத்த உதவும்.

சட்ட நிலை

2025 வரை நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சிலிக்கோசிஸை அறிவிக்கத்தக்க நோயாகக் கொண்டிருந்தது. அதில் தோல் இறுக்க நோய் இடம்பெறவில்லை. எனவே தோலுக்கு மட்டும் மருத்துவம் பார்க்கப்படின் நுரையீரல் நோய் கண்டறியப்படாமல் போகலாம். தொழிலாளியின் இழப்பீட்டு உரிமையும் நழுவலாம்.

முடிவுரை

இந்நோய் பொதுவாகப் பெண்களிடமே மிகுதி. கிரானைட் தொழிற்பகுதியில் ஆண் ஒருவரின் விரல்தோல் இறுகியிருப்பின், அவர் செய்த வேலைகளை ஆண்டுவாரியாகக் கேட்டறிவதும் மார்பு ஊடுகதிர்ப்படம் எடுப்பதும் இன்றியமையாதன. பெங்களூரு மருத்துவமனைகளையும் நாடும் எல்லைப்புறத் தொழிலாளருக்கு, அத்தொழில் வரலாறு மருத்துவக் குறிப்பேட்டிலேயே இடம்பெறுதல் வேண்டும்.