வேலையும் அறிமுகமும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் கரையோரப் பாதையில், நகரிலிருந்து சுமார் 34 கிலோமீற்றர் வடக்கே அமைந்துள்ளது குச்சவெளி. மீன்பிடியும் நெற்செய்கையும் அப்பகுதியின் பழந்தொழில்கள். இவற்றை விட்டு வேறு தொழில் நாடும் இளைஞர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது அரசாங்க உத்தியோகத்தையே. வெள்ளிக்கிழமை தோறும் வெளிவரும் வர்த்தமானியைப் பார்ப்பது, விண்ணப்பம் அனுப்புவது, பதில் வரும்வரை வீட்டிலிருப்பது; இதுவே வேலை தேடுதல் எனப் பலர் எண்ணுகின்றனர். காத்திருத்தல் வேறு, தேடுதல் வேறு.

தேடுதல் என்பது முதலிற் செய்தி திரட்டுதலாகும். எத்தொழில் எங்கு நடைபெறுகின்றது, எம்மாதத்தில் ஆட்களைச் சேர்க்கின்றனர், எத்தகுதியை வேண்டுகின்றனர் என்பவற்றை அறியாமல் எழுதும் விண்ணப்பம் முகவரியில்லாத கடிதம் போன்றது. குச்சவெளிக்குத் தெற்கே நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் சித்திரை முதல் புரட்டாதி வரையுமே அங்குப் பயணிகள் மிகுதி. பருவம் தொடங்கிய பின்னர் வேலை கேட்டுச் செல்பவன், அறுவடை முடிந்த வயலுக்கு அரிவாளோடு சென்றவனாவான். மாசி, பங்குனியிலேயே விசாரித்தவனுக்கு இடமுண்டு. வடக்கே புல்மோட்டையில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் செறிந்த கடற்கரை மணல் அகழப்படுகின்றது. துறைமுகத்தை அண்டி மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இயங்குகின்றன. விடுதிக்கு வேண்டியவன் சமையலும் பிறமொழிப் பேச்சும் அறிந்தவன்; ஆலைக்கு வேண்டியவனோ மின்வேலையும் இயந்திரமும் அறிந்தவன். ஒரே விண்ணப்பத்தைப் பிரதி செய்து எல்லா இடங்களுக்கும் அனுப்புவதாற் பயனில்லை.

இம்மாவட்டத்தின் தொழில்நிலை ஒரே சீராக இருந்ததுமில்லை. 1957ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து நீங்கிற்று. அத்தளத்தை நம்பியிருந்த பிழைப்புகள் குன்றின. புல்மோட்டை மணலுக்கான கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதும் அதே 1957இலேயே. ஓரிடத்தில் வேலை குறையும்போது மற்றோரிடத்தில் அது முளைக்கின்றது. அச்செய்தி யார் வாயிலாக வந்து சேர்கின்றது என்பதே வினா.

இதனை ஆராய்ந்தவர் அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரனோவெற்றர். மசச்சூசெற்ஸ் மாநிலத்து நியூற்றன் நகரில், தொழில் மாறிய 282 ஆடவரிடம் அவர் விசாரித்தார். ஆய்வு 1974இல் நூலாக வந்தது. நூற்றுக்கு 56 பேர் தெரிந்தவர் மூலமாகவே வேலையை அறிந்திருந்தனர். இது வியப்பன்று. வியப்பு அடுத்ததிலேயே உள்ளது. அவ்வாறு அறிந்தோரில், அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவரிடமிருந்து செய்தி பெற்றவர் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேரே. 28 பேருக்கு அதைச் சொன்னவர் ஆண்டுக்கு ஒருமுறை காண்பதே அரிதானவர். மற்றையோருக்கு இடையிடையே காணும் அறிமுகத்தார் கூறினர். அண்ணனும் மச்சானும் அன்பு மிக்கவரே. ஆயினும் இளைஞன் அறிந்ததையே அவர்களும் அறிந்திருக்கின்றனர். வேற்றிடத்தில் உலவுபவனிடமே புதிய செய்தி உண்டு.

நியூற்றன் வரை செல்லாமலும் இதனைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக்கரை மீனவர் கிழக்குக்கரைக்கு வந்து வாடியமைத்துத் தங்குவதுண்டு. நீர்கொழும்பில் படகுத் தொழிலகத்துக்கு ஆள் வேண்டியிருப்பதை, உள்ளூர் உறவினரினும் வாடிக்கு வந்தவரே முன்னர் அறிவார்.

அறிமுகம் என்றதும் சிபாரிசை நினைப்பது தவறு. தகுதியற்றவனைத் தகுதியுடையவனுக்கு முன்னே தள்ளுவது சிபாரிசு. அறிமுகமோ கதவு எத்திசையில் உள்ளதெனக் காட்டுவதோடு நின்றுவிடும். ஆதலின் கேட்கும் முறையும் வேறாதல் வேண்டும். “எனக்கொரு வேலை எடுத்துத் தாருங்கள்” என்றால், கேட்கப்பட்டவர் சங்கடத்துடன் நழுவிவிடுவார். “உங்கள் இடத்தில் எத்தகைய ஆளுக்குத் தட்டுப்பாடு? எங்கே பழகினால் நல்லது ஐயா? இன்னும் யாரைக் காணலாம்?” என்று வினவினால், வேலை கொடுக்க இயலாதவரும் மனமுவந்து பேசுவார். கூறிய வழியிற் சென்றபின் நடந்ததை அவருக்குத் தெரிவிப்பது நன்று. இதனைச் செய்பவர் மிகச் சிலரே.

எனினும் இதில் ஓர் அநீதி உண்டு. போரினாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வீட்டை மட்டுமா இழந்தன? ஆசிரியர், கடைக்காரர், முன்னாள் முதலாளி என அறிந்த முகங்களையும் இழந்தன. தேநீர்க் கடையிலும் கடற்கரையிலும் பரிமாறப்படும் செய்தி பெண்களை எளிதில் எட்டுவதுமில்லை. இத்தகையோருக்கு மாதர் சங்கமும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கமும், பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் அறிமுகத்தின் இடத்தில் உதவலாம். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் அதனினும் உறுதியானது. ஏழு மட்டங்கள் கொண்ட இம்முறையில், பயிற்சி நிலையத்துக்குச் செல்லாமல் அனுபவத்தாற் கைவேலை கற்றவரும் முன்கற்றலைச் சோதிக்கச் செய்து சான்று பெறலாம். பத்தாண்டு படகு இயந்திரம் திருத்தியவனின் திறமையைத் தெரியாத ஊரிலும் அத்தாள் எடுத்துரைக்கும்.

வெளிநாட்டு வேலை பற்றிய செய்தியையும் இவ்வறிமுகங்களே கொணர்கின்றன. ஏமாற்றுவோரும் இதே வழியாகவே வருகின்றனர். சொன்னவர் நல்லவராயினும், அவருக்குச் சொன்னவர் எத்தகையவரோ? 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. அப்பத்திரத்தின் எண்ணைப் பணியகத்திற் சரிபார்க்கும் வரையும் கடவுச்சீட்டு வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.