பிள்ளையின் விண்ணப்பத்தில் அப்பாவின் கைப்பேசி எண்: உயர்கல்வி விண்ணப்பத்தில் பெற்றோர் எதுவரை உதவலாம்?

தங்கா பத்து - எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் தோட்ட வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் ஒரே கேள்விதான்: "அடுத்து எங்கே?" யுபியு வழி பொதுப் பல்கலைக்கழகம், மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக், படிவம் ஆறு, தனியார் கல்லூரி என வழிகள் பல. விண்ணப்பம் பிள்ளையின் பெயரில் போகிறது. ஆனால், பாரத்தை நிரப்புவது அப்பா, மின்னஞ்சல் அனுப்புவது அம்மா, கல்லூரிக்கு அழைத்துப் பேசுவது மாமா என்றாகிவிடுகிறது.

அக்கறையில்தான் இது தொடங்குகிறது. இருப்பினும், சில வேளைகளில் இதுவே பிள்ளையின் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

எண் யாருடையது?

யுபியு விண்ணப்பம் மாணவரின் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பதிவாகிறது. அதில் கொடுக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் அவரைத் தொடர்புகொள்ளும் வழி.

அங்கே அப்பாவின் எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் சுங்கை ஊடாங்கில் ஷிப்டு வேலையில் இருக்கிறார். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு மலாய்மொழியில் அவர் கைப்பேசிக்கு வருகிறது. ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார். வீட்டில் காத்திருக்கும் மகளுக்கு எதுவும் தெரியாது. நேர்முகத் தேர்வு கேட்கும் படிப்புக்கு, அதற்குப் போகாதவர் தேர்வாவது நடக்காத காரியம். இடம் கிடைத்தவரும் குறித்த நாளுக்குள் அதை ஏற்பதாக உறுதிப்படுத்த வேண்டும். மேல்முறையீட்டுக்கும் சில நாட்களே அவகாசம்.

ஆகவே எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.

தேர்வு யாருடையது?

யுபியுவில் 12 படிப்புகள் வரை வரிசைப்படுத்தித் தேர்வு செய்யலாம். அந்த வரிசையைப் பெரியவர்களே முடிவுசெய்தால், அதன் விளைவு நேர்முகத் தேர்வில் தெரிந்துவிடும். "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால், தான் எழுதாத விண்ணப்பத்துக்குப் பிள்ளை என்ன காரணம் சொல்லும்?

அழைத்துப் பேசினால் இடம் கிடைக்குமா?

யுபியு தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. பெற்றோர் எத்தனை முறை அழைத்தாலும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூடக் கூடாது. புறப்பாடச் சான்றிதழ்களை முறையாகத் தொகுத்து வைப்பது அதைவிடப் பயனுள்ள உதவி.

சட்டம் என்ன சொல்கிறது?

1971ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் பெரியவர். எஸ்.பி.எம். முடித்து விண்ணப்பிப்போரில் பெரும்பாலோர் அந்த ஆண்டில்தான் 18ஐத் தொடுகிறார்கள். 2021 டிசம்பர் முதல் அதே வயதில் வாக்களிக்கும் உரிமையும் உண்டு. தனியார் கல்லூரிகள் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. 18 வயதுக்குக் குறைந்தவருக்காகப் பெற்றோர் இணக்கம் தரலாம். அதன் பிறகு மாணவரின் இணக்கமே வேண்டும். "மாணவரையே பேசச் சொல்லுங்கள்" என்று கல்லூரி அலுவலர் கூறினால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

பிரிட்டனில் யூகாஸ் வழி விண்ணப்பிக்கும் மாணவர், தனக்காகப் பேச ஒருவரை விண்ணப்பத்திலேயே நியமிக்கலாம். அப்படி நியமிக்காவிட்டால் பெற்றோருடனும் அவர்கள் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாணவர் 18 வயதை எட்டியதும் அல்லது கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து அவருக்கு மாறிவிடுகிறது.

அச்சம் வீண் அல்ல

பெற்றோர் பதறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற ஒதுக்கீடு நம் வீடுகளில் ஆண்டுதோறும் பேசப்படுவது. 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2024 ஜூன் இறுதியில் அறிவித்தார். அதற்கும் குறைவாக ஏ எடுத்த பிள்ளையின் வீட்டில் கவலை இன்னும் தீரவில்லை. தோட்டத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்ட தாய் தந்தையருக்கு, மாசித் தானா லொண்டாங்கில் உள்ள மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரியோ, டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்காவோ பிள்ளையின் வழி கைக்கெட்டும் கனவு. அதைக் கைவிட மனம் வராது.

எப்படி உதவலாம்?

• இறுதி நாட்களை வீட்டு நாள்காட்டியில் குறித்து வைத்து நினைவூட்டுங்கள்.
• பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்று போன்றவற்றைத் தயாராக வையுங்கள். குடும்ப வருமானத்தையும் கல்விக் கடனையும் பற்றிப் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.
• மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். "துவான்/புவான்" என்று தொடங்கி, பெயர், அடையாள அட்டை எண், கேட்க வேண்டிய கேள்வி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அனுப்பும் முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்; திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள்.
• கல்லூரியை அழைக்கும்போது பக்கத்தில் இருங்கள். பேசுவது பிள்ளையாக இருக்கட்டும்.
• இணையக் கடையிலோ உறவினரிடமோ விண்ணப்பத்தை ஒப்படைப்பதாக இருந்தால், அனுப்பும் வரை பிள்ளையும் அங்கேயே இருக்க வேண்டும்.

பிள்ளைக்கு நோயோ உடற்குறையோ இருந்தாலும், மிரட்டியோ ஏமாற்றியோ எவராவது பணம் கேட்டாலும், பெற்றோர் நேரடியாகத் தலையிடத் தயங்க வேண்டாம். மற்ற வேளைகளில், முதல் அழைப்பில் பிள்ளை தடுமாறினால் தடுமாறட்டும். விடுதியில் சேர்ந்த பிறகு விரிவுரையாளரிடமும் கல்விக்கடன் அலுவலகத்திலும் தானே பேச வேண்டியவர் அவர்தான்.