கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் கொஞ்சம் திறந்து பார்ப்போமே!

அரையாண்டுத் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளைத் தட்டச்சு செய்ய இரவு எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். திரையின் கீழ் மூலையில் 2015 ஜனவரி 1 என்று தேதி காட்டியது. எமிஸ் தளத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று ஓர் எச்சரிக்கை. மின்னஞ்சலும் திறக்கவில்லை. வைரஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் மாலை சி.பி.யு.வை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் பக்கத் தகட்டைக்கூடக் கழற்றவில்லை. "பத்து வருஷத்து மாடலா மேடம்? மதர்போர்டு போயிருக்கும். புதுசு வாங்கிடுங்க, முப்பத்தஞ்சாயிரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். எங்கள் பள்ளியில் படித்து, இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தியிடம் அன்றிரவு தொலைபேசியில் புலம்பினேன். அவள் சிரித்துவிட்டாள். "டீச்சர், அது பேட்டரிதான். கைக்கடிகாரக் கடையிலயே கிடைக்கும்."

அவள் சொன்னது சரி. தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது. பெயர் சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. மின்னழுத்தம் 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது இதுதான். இது தீர்ந்துபோனால், சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் கணினி தன் பழைய தேதிக்குப் போய்விடும். ஒவ்வோர் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2015இல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் எல்லாத் தளங்களையும் சந்தேகப்பட்டிருக்கிறது. பேட்டரி நாற்பது ரூபாய். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தேன். எமிஸ் திறந்தது.

அன்று முதல் இந்தப் பெட்டியின் மீது எனக்கிருந்த பயம் குறைந்தது. நான் கணினி ஆசிரியை அல்ல, கணக்கு ஆசிரியை. எனவே, தெரிந்துகொண்டதை உங்களைப் போன்ற ஒருவராகவே பகிர்கிறேன்.

திறப்பதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வெளியேறும். பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்ட பிறகு உள்ளே கை வையுங்கள். நம் உடலிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

திரையில் ஒன்றுமே வராமல் பீப் ஒலி மட்டும் வருகிறதா? பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை. இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து அதைக் கழற்றி, உலர்ந்த மென்துணியால் பொன்னிற முனைகளைத் துடைத்து, 'க்ளிக்' என்று கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து, பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறதா? சூடுதான் காரணமாக இருக்கும். லாரிகளும் மெட்ரோ பணிகளும் கிளப்பும் தூசி பூந்தமல்லி, அம்பத்தூர் வீடுகளில் எப்படிப் படியும் என்று சொல்லத் தேவையில்லை. என் பெட்டியின் மின்விசிறிக்கு அடியில் கம்பளி போல ஓர் அடுக்கே இருந்தது. என் மகளின் ஓவியத் தூரிகைதான் உதவியது. தூரிகையால் தட்டும்போது இறக்கைகள் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் சதவீதம் தெரியும். எனக்கு வட்டு மட்டும் 100ஐ விட்டு இறங்கவே இல்லை. செயலி 12இல் சும்மா இருந்தது. குற்றவாளி வன்தட்டு. இதை நம் பாடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். என் வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. அப்படியானால் விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி. வேண்டிய தகவல் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம் காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு வரைதான் எடுக்க முடியும். கணினி தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை. அது விநாடிக்குப் பல ஆயிரம் எடுக்கும். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், தயங்காமல் அதை இதற்கே செய்வேன். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட என் கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடுகிறது.

ராம் கூட்டுவதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். டி.டி.ஆர். 3 இடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது, முன்னதில் 240 முனைகள், பின்னதில் 288. பழையதைக் கையில் எடுத்துப்போய்க் காட்டி வாங்குவதே நல்லது. மற்றொன்று, விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் 8 ஜி.பி. போட்டும் பயனில்லை. 2இன் 32ஆவது அடுக்கைப் போட்டுப் பாருங்கள், சரியாக 4 ஜி.பி. வரும். வீட்டுக்கான அந்த விண்டோஸின் கணக்கு அதற்கு மேல் எண்ணாது.

எதை மாற்றுவதற்கும் முன்னால் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சி.பி.யு. மேசைக்கு அடியில் தரையில் இருந்தது. தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் கரண்ட் வந்ததும், வேலை செய்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில் சுவிட்சைப் போட்டேன். 'பட்' என்று ஒரு சத்தம். எட்டு ஆண்டு வினாத்தாள்கள், என் முதல் வகுப்புப் பிள்ளைகளின் படங்கள், அப்பாவின் ஓய்வூதியத்துக்காக ஸ்கேன் செய்த காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. நனைந்த வன்தட்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் இருந்திருந்தால், தரவு மீட்பவர்களிடமாவது கொடுத்திருக்கலாம். நானே கெடுத்தேன். இப்போதைய கணினி மேசைக்கு மேலேதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அதைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தேன். வன்தட்டில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டாலும் இதே கதைதான்: வேறெதையும் செய்யாமல் முதலில் நகல்.

நகல் எடுக்கும்போது நாம் மறப்பது எழுத்துரு. நம்மில் பலரின் பழைய வினாத்தாள்கள் வானவில் அவ்வையாரில் இருக்கும். புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போட்டபின் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் முழுத்தாளும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இனி அடிப்பதை யூனிகோடில், தமிழ் 99 விசைப்பலகையில் அடித்தால் இந்தத் தொல்லையே இராது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் செயலி பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கப்படும். என்னுடையது நான்காம் தலைமுறை. அதற்காகத் தூக்கி எறிய மனமில்லாமல், விண்டோஸுடன் லினக்ஸையும் நிறுவியிருக்கிறேன். லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. நம் மாணவர்கள் பழகியதை நாமும் பழகலாம்தானே! உலாவியில் செய்யும் துறை வேலைகள் எனக்கு அதில் தடையின்றி நடக்கின்றன.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகாவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும், அதில் வெட்கமில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் நம் கணினியில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மாணவர்களின் ஆதார் எண், பெற்றோர் கைப்பேசி எண், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரம், உலாவியில் சேமித்த எமிஸ் கடவுச்சொல். பழுது வட்டில் இல்லையென்றால், வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே சி.பி.யு.வைக் கொடுக்கலாம், இரண்டு கம்பி, நான்கு திருகாணி, அவ்வளவுதான். எஸ்.எஸ்.டி. போட்டபோது கடைக்காரர், "பழசை இங்கேயே விட்டுடுங்க மேடம், கழிச்சுக்கலாம்" என்றார். நான் கொடுக்கவில்லை. ஒரு வெளிப்பெட்டியில் போட்டு, மாதம் ஒருமுறை நகல் எடுக்க வைத்திருக்கிறேன். பீரோவின் மேல்தட்டில், சான்றிதழ் கோப்புக்குப் பக்கத்தில், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறது.